ஐந்தாவது சுற்றில் தளர்ந்துபோகும் பிள்ளைகள்: மனத்தை எப்படிப் பழக்குவது?

தீவுத்திடல் ஆசிரியர் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நெடுந்தூர ஓட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். படிவம் 2 முதல் படிவம் 5 வரையிலான (14 முதல் 17 வயது) மாணவர்கள்; அவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். குறுக்கோட்டம் முடிந்து, இப்போது மாவட்டத் திடல்தடப் போட்டிக்குத் தயாராகிறோம்.

சிக்கல் இதுதான். படிவம் 4 மாணவன் ஒருவன் பயிற்சியில் 1000 மீட்டரை 3 நிமிடம் 30 வினாடியில் நான்கு முறை ஓடுகிறான். நடுவில் இரண்டு நிமிட ஓய்வு மட்டும். நான்காவது முடிந்ததும் நண்பர்களோடு சிரித்துப் பேசுகிறான். அந்தக் கணக்கில் 3000 மீட்டரை அவன் 10 நிமிடம் 30 வினாடியில் முடிக்க வேண்டும். போட்டியிலோ 11 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறான். முதல் 400 மீட்டரை 72 வினாடியில் கடந்தான். 1600-இலிருந்து 2000 மீட்டர் வரையிலான ஐந்தாவது சுற்றுக்கு 97 வினாடி ஆயிற்று. அந்தச் சுற்றில் தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன, தலை பின்னால் சாய்கிறது, கடந்து போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே ஓடுகிறான். மற்றப் பிள்ளைகளிடமும் இதே கதைதான், அளவில் மட்டும் கூடக் குறைய.

சக ஆசிரியர்கள் "மன உறுதி போதாது" என்கிறார்கள். போட்டிக்கு முந்தைய நாள் ஊக்கமூட்டும் தன்முனைப்பு உரை ஒன்று ஏற்பாடு செய்யலாம் என்று யோசனையும் சொல்கிறார்கள். வாரத்தில் நான்கு மாலை மழைக்கும் வெயிலுக்கும் திடலுக்கு வந்து நிற்கிற பிள்ளையை உறுதியில்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடலுக்குப் பயிற்சி அட்டவணை போடுகிறோம். மனத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதை ஒரே ஓர் உரையில் கொடுத்துவிட முடியாது என்றே நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் பழைய ஓட்டக்காரர் (கோலாலம்பூர்)

ஆசிரியரே, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் 400 மீட்டர் 72 வினாடி. அது 1500 மீட்டரை 4 நிமிடம் 30 வினாடியில் முடிப்பவனின் வேகம். 10:30-க்கு ஓட வேண்டிய பிள்ளைக்கு ஒரு சுற்றுக்கு 84 வினாடி போதும். முதல் சுற்றிலேயே 12 வினாடி கூடுதல் வேகத்தில் போனவனுக்குத் தசைகளில் அமிலத்தன்மை ஏறிவிடும், உடல் வெப்பமும் உயர்ந்துவிடும். பினாங்கின் மாலைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை காய்வதில்லை. காயாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. அப்படியிருக்க, ஐந்தாவது சுற்றில் மனம் உடைந்தது என்று சொல்வது நியாயமில்லை. முதல் சுற்றில் எடுத்த கடனுக்கு ஐந்தாவது சுற்றில் வட்டி கட்டுகிறான், அவ்வளவுதான்.

ஆனாலும் இது மனம் சார்ந்த விஷயம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டு இருபது பேர் பாயும்போது தானும் பாயாமல் தன் வேகத்தில் இருப்பதுதான் நெடுந்தூர ஓட்டக்காரனின் முதல் மனத்திறன். அதைத் திடலில்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

நான் தித்திவங்சா ஏரிப் பக்கம் பிள்ளைகளுக்குச் செய்யும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். எல்லாருடைய கைக்கடிகாரங்களையும் வாங்கி வைத்துவிடுவேன். 400 மீட்டரை 84 வினாடியில் ஓடச் சொல்வேன். முடித்ததும் நேரத்தைச் சொல்ல மாட்டேன்; எத்தனை வினாடி ஆகியிருக்கும் என்று அவர்கள் முதலில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எட்டு, பத்து வினாடி பிசகும். சில வாரங்களில் இரண்டு வினாடிக்குள் வந்துவிடுவார்கள். அந்தப் பயிற்சியில் வேகமாக ஓடியவனுக்குப் பாராட்டே கிடையாது. சரியாகச் சொன்னவனுக்குத்தான் பாராட்டு. மூச்சும் காலடிச் சத்தமும் எந்த வேகத்தில் எப்படி இருக்கும் என்பதை உடம்பு தெரிந்துகொண்டால், போட்டியில் கூட்டம் இழுக்கும்போது "இது என் வேகம் இல்லை" என்று அவனுக்கே தெரியும்.

பட்டர்வொர்த் பயிற்றுநர்

மதிப்பிற்குரிய இருவருக்கும் வணக்கம். என் கருத்து வேறு. வேகக் கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. இந்தக் காலப் பிள்ளைகளுக்கு உடல் வருத்தம் பழக்கமில்லை. குளிரூட்டிய அறை, காரில் பள்ளி, காரில் பிரத்தியேக வகுப்பு. வலி வரும்போது அது என்ன என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை, பயந்துவிடுகிறார்கள். நான் என் பிள்ளைகளைக் காலை 5.30-க்கு ஒரு முறையும் மாலை ஒரு முறையும் ஓடவிடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் கடுமையான ஓட்டம்.

1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் நம் பி. ராஜ்குமார் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். மென்மையாக வளர்த்து அப்படிப்பட்டவர்களை உருவாக்க முடியுமா? நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் தம் வீரர்களை வாரத்துக்கு 100 மைல் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் அவருடைய வீரர்கள் இருவர் தங்கம் வென்றார்கள். உழைப்புக்குக் குறுக்கு வழி கிடையாது.

உடலியக்கச் சிகிச்சையாளர் (செராஸ்)

பட்டர்வொர்த் பயிற்றுநர் ஐயாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. ரோமில் 800 மீட்டர் வென்ற பீட்டர் ஸ்னெல்லுக்கு அப்போது 21 வயது. 5000 மீட்டர் வென்ற மரே ஹால்பெர்க்குக்கு 27. லிடியார்டின் அந்த 100 மைல்களும் மாதக்கணக்கில் நிதானமாகக் கட்டிய அடித்தளம். கடுமையான இடைவெளிப் பயிற்சி (வேக ஓட்டமும் சிறு ஓய்வும் மாறி மாறி) அதற்குப் பிறகுதான், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். வளர்ந்து முடிந்த உடலுக்குப் போட்ட அளவைப் படிவம் 2 பிள்ளைக்குப் போட முடியாது.

என்னிடம் வரும் பள்ளி ஓட்டக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன். பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசையும் தசைநாரும் உடனே ஈடுகொடுப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் வீங்கி வலிக்கும். சிலருக்குக் குதிகாலில் வலிக்கும். இந்தப் பருவத்தில் ஓட்டத்தின் அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். "பொறுத்துக்கொள்" என்பது இங்கே தவறான அறிவுரை. கணைக்கால் எலும்பின் ஒரே புள்ளியை விரலால் தொட்டாலே வலிக்கிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் எலும்பில் அழுத்த முறிவு இருக்கலாம். அந்தப் பிள்ளை மறுநாள் ஓடக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தூக்கம். 13 முதல் 18 வயதுவரை இரவில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பிரத்தியேக வகுப்பு முடிந்து இரவு பத்து மணிக்குச் சாப்பிடும் பிள்ளை, காலை 5.30-க்குத் திடலில் நிற்க வேண்டுமென்றால் எத்தனை மணி நேரம் தூங்கியிருக்கும்? உடல் வலுப்பெறுவது அந்தத் தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு அதே வேகம் கூடுதல் கடினமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நாம் மனம் பலவீனம் என்கிறோம்.

வாரத்தில் இரண்டு நாள் கடும்பயிற்சி போதும். மற்ற நாள்களில் முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம். ஒரு நாள் முழு ஓய்வு.

படிவம் 3 மாணவியின் அம்மா (கோலாலம்பூர்)

இங்கே கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். என் மகள் நன்றாக ஓடுவாள். சில மாதங்களாகச் சோற்றைக் குறைத்துவிட்டாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். எல்லார் முன்னாலும் எடை பார்த்திருக்கிறார்கள். முதலில் நேரம் குறைந்தது உண்மைதான். இப்போது எப்போதும் சோர்வு, அடிக்கடி சளி, மாதவிலக்கும் மூன்று மாதமாக வரவில்லை. "ஓட்டக்காரிகளுக்கு அது இயல்புதான் அம்மா" என்று அவளே எனக்கு விளக்கம் சொல்கிறாள். அப்படியா?

உடலியக்கச் சிகிச்சையாளர் (செராஸ்)

இல்லை, அம்மா. அது இயல்பு இல்லை. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சிக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிடைக்காதபோது உடல் மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிலக்கு நிற்பது அதில் வெளியே தெரியும் அடையாளம். உள்ளே எலும்பின் அடர்த்தி குறைகிறது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக வரையறுத்து அறிக்கை வெளியிட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும். எலும்புக்குப் பெரும்பகுதி வலு சேர்வது இந்தப் பதின்ம வயதில்தான். இப்போது இழந்ததைப் பிறகு முழுமையாக ஈடுகட்டுவது கடினம்.

மருத்துவரிடம் இரும்புச்சத்துச் சேமிப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் சோதிக்காமல் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபணு உள்ளவர்கள் பலர். இரும்புச்சத்துக் குறைந்தவர்களைப் போலவே அவர்களுக்கும் இரத்தச் சிவப்பணு சிறுத்துத் தெரியும், அதற்கு இரும்பு மருந்தாகாது. வீட்டில் முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, இறைச்சி சாப்பிடுபவர்களானால் இறைச்சி. கூடவே கொய்யா அல்லது எலுமிச்சை. சாப்பாட்டோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், தேநீர் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

பயிற்றுநர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்க்காதீர்கள். அதனால் கிடைக்கும் நன்மை ஒன்றுமில்லை.

பட்டர்வொர்த் பயிற்றுநர்

அம்மா, மகளை உடனே அழைத்துப் போங்கள். எவ்வளவு கண்டிப்பான பயிற்றுநராக இருந்தாலும் இதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஓட்டம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

படிவம் 5 ஓட்டக்காரி (பினாங்கு)

ஆசிரியர்களே, ஐந்தாவது சுற்றில் எங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓடுபவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் சுற்றில் கூடாரத்திலிருந்து எல்லாரும் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். கடைசிச் சுற்றிலும் கத்துவார்கள். நடுவில் யாரும் கத்த மாட்டார்கள். வேறு போட்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள், மைலோ பானம் கொடுக்கும் வண்டிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்போது "இன்னும் மூன்றரைச் சுற்றா" என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்குப் போட்ட உடனே கால் கனக்கும். பிறகு அடுத்தடுத்த எண்ணங்கள் வரும்: தோற்றால் ஆசிரியர் முகம் எப்படி இருக்கும், அப்பா விடுப்பு எடுத்து வந்திருக்கிறாரே, எஸ்.பி.எம். (படிவம் 5 அரசுத் தேர்வு) ஆண்டில் இது தேவையா. ஒருவர் கடந்து போனால் அவரோடு போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பத்து மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். யோசிப்பதுதான் பிரச்சினை. அந்த நேரத்தில் புதிதாக எதையும் முடிவு செய்ய முடிவதில்லை.

"உன்னால் முடியும்" என்று சொல்கிறார்கள். அந்தச் சுற்றில் அந்தச் சொல் பொய்யாகத் தோன்றும். என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆலோசக ஆசிரியை (கோலாலம்பூர்)

தங்கை, மிகத் தெளிவாக எழுதியிருக்கிறாய். "அந்த நேரத்தில் முடிவு செய்ய முடிவதில்லை" என்றாய் அல்லவா? அதனால் முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். நான் பள்ளியில் ஓட்டக்காரர்களோடு உட்கார்ந்து செய்வது இதைத்தான்.

ஒரு தாளில் "இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்" என்று எழுதவைக்கிறேன். "ஒருவர் என்னைக் கடந்தால், வளைவு முடியும்வரை அவர் முதுகை மட்டும் பார்ப்பேன், நேர்ப்பாதையில்தான் தொடர்வதா இல்லையா என்று முடிவு செய்வேன்." "மீதிச் சுற்றை எண்ணத் தோன்றினால், அடுத்த 100 மீட்டர்க் கோட்டைப் பார்ப்பேன்." "தோள் ஏறினால், ஒரு முறை கைகளைத் தொங்கவிட்டு உதறுவேன்." மூன்று போதும். அதற்கு மேல் நினைவில் நிற்காது. எழுதி வைப்பதோடு விடாமல் பயிற்சியில் ஓடும்போதே செய்து பார்க்க வேண்டும். பயிற்சியில் செய்யாத எதுவும் போட்டியில் வராது.

தனக்குத்தானே பேசிக்கொள்வதையும் இப்படியே பழக்கலாம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குப் பொருத்தமான சொற்றொடர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகியவர்கள், களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்கும் சோதனையில் முன்பைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதே கடினத்தை அவர்கள் குறைவாக உணர்ந்தார்கள். சொற்றொடர் அவர்களுடையதாக இருந்தது என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். ஆசிரியர் பலகையில் எழுதிப் போடும் வாசகம் வேலை செய்யாது. ஒரு மாணவன் "தோள், கை, மூச்சு" என்று மட்டும் சொல்லிக்கொள்வான். இன்னொருத்தி மலாயில் சொல்வாள். எதுவானாலும் சரி. தொடக்கத்தில் நிதானப்படுத்தும் சொல் ஒன்று, நடுவில் உடல் நிலையைத் திருத்தும் சொல் ஒன்று, கடைசியில் உந்தும் சொல் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வலியை மறக்க வேறு எதையாவது நினைக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1977-இல் சிறந்த மாரத்தான் வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், அவர்களில் பெரும்பாலோர் ஓடும்போது தங்கள் மூச்சையும் தசையையும் வேகத்தையும் கவனித்துக்கொண்டேயிருந்தது தெரியவந்தது. நிதான ஓட்டத்தில் பிள்ளைகள் கதை பேசட்டும், பாட்டுப் பாடட்டும். கடும்பயிற்சி நாளில் கவனம் உடம்பில் இருக்க வேண்டும்.

போட்டிக் காலையில் வயிறு கலக்கும், கை சில்லிடும். "பயப்படாதே" என்றால் பயம் கூடும். "உடம்பு தயாராகிறது" என்று சொல்லிக்கொடுங்கள். இதயம் வேகமாகத் துடிப்பது ஓடுவதற்குத் தேவையானதுதானே?

அப்பா விடுப்பு எடுத்து வந்திருக்கிறாரே என்ற எண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் படிக்கும் பெற்றோர்களே, போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் முதலில் இடத்தைக் கேட்காதீர்கள். தண்ணீரைக் கொடுங்கள். அவர்களே பேசுவார்கள்.

பட்டர்வொர்த் பயிற்றுநர்

சகோதரி எழுதியதைப் பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். ஆனாலும் ஒன்றை வலியுறுத்துவேன். தாளில் எழுதிய திட்டம் உண்மையான களைப்பில் சோதிக்கப்பட வேண்டும். நிதான ஓட்டம் மட்டும் ஓடிய பிள்ளை போட்டியில் முதன்முறையாக அந்தக் களைப்பைச் சந்தித்தால், எந்தச் சொற்றொடரும் நினைவுக்கு வராது.

அதற்கு நான் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். 1600 மீட்டரைப் போட்டி வேகத்தைவிடச் சற்று நிதானமாக ஓடிவிட்டு, ஒரு நிமிட நடைக்குப் பிறகு உடனே இரண்டு முறை 400 மீட்டரைப் போட்டி வேகத்தில். அதாவது ஐந்தாவது, ஆறாவது சுற்றுகளைத் தனியே எடுத்துப் பழகுவது. அந்த இரண்டு 400 மீட்டரில்தான் தோளைத் தளர்த்துவது, முதுகைப் பார்ப்பது எல்லாம். இதை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டியதில்லை.

காலைப் பயிற்சியைப் பற்றிச் சிகிச்சையாளர் எழுதியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு அதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மற்றவர்களுக்கு இன்னும் முடிவு செய்யவில்லை.

செந்தூல் பழைய ஓட்டக்காரர் (கோலாலம்பூர்)

அருமையான பயிற்சி, ஐயா. சரவணனைப் பற்றி நீங்கள் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். நடைப்போட்டியில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். தரையைத் தொட்ட காலின் முழங்கால், உடல் அதைக் கடக்கும்வரை மடங்கக் கூடாது. நடுவர்கள் வழியெங்கும் நின்று பார்க்கிறார்கள். அவசரப்பட்டால் எச்சரிக்கை, மீறினால் வெளியேற்றம். நான்கு மணி நேரத்துக்கு மேல் தன்னைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒருவருக்குக் கிடைத்த தங்கம் அது. நம் பிள்ளைகளுக்கு அவரை உதாரணம் காட்டும்போது வலியைத் தாங்கினார் என்பதோடு, தன் வேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ரவாங் அண்ணன்

குறுக்கே ஒரு கேள்வி. பத்துமலைப் படிகளில் பிள்ளைகளை ஏறி இறங்கவைத்தால் கால் வலுப்படுமா? 272 படிகள், பக்கத்திலேயே இருக்கின்றன.

உடலியக்கச் சிகிச்சையாளர் (செராஸ்)

ஏறுவது நல்லது, இறங்குவதுதான் முழங்காலுக்குச் சுமை. படிகள் செங்குத்து, அகலம் குறைவு, பக்தர்களும் சுற்றுப்பயணிகளும் குரங்குகளும் நடுவில். ஒரு குழுவை அங்கே விரட்டுவது அவர்களுக்கும் ஆபத்து, கும்பிட வருபவர்களுக்கும் இடைஞ்சல். குடியிருப்புப் பகுதியில் 60, 80 மீட்டர் நீளமுள்ள மிதமான மேடு ஒன்று போதும்: வேகமாக ஏறி, நடந்து இறங்கி, ஆறு முறை.

தீவுத்திடல் ஆசிரியர் (பினாங்கு)

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் என் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தேன். குறிப்பாகப் படிவம் 5 ஓட்டக்காரி எழுதியதைப் படித்தபோது என் மாணவர்கள் தலையாட்டிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போட்டிவரை இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். திங்கள் நிதான ஓட்டம், தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குள். அந்த நாளின் ஒரே விதி, பேச்சு நிற்கக் கூடாது. செவ்வாய் திடலில் கடிகாரமில்லாத 400 மீட்டர்கள், நேரத்தை ஊகிக்கும் பயிற்சி. புதன் புறப்பாட நடவடிக்கை நாள் என்பதால் பிள்ளைகள் ஏற்கெனவே களைத்திருப்பார்கள். ஓட்டம் வேண்டாம், உட்கார்ந்து "இப்படி நடந்தால்" தாளை எழுதலாம். வியாழன் பட்டர்வொர்த் ஐயாவின் 1600 கூட்டல் 400 பயிற்சி. வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை காலை நீண்ட நிதான ஓட்டம்.

பூங்கா வாயிலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பெரிய பிள்ளைகளை அதில் ஓடி ஏறவைப்பது இங்கே வழக்கம். ஏறட்டும், ஆனால் இறங்கும்போது நடக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். படிவம் 2 பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வெப்பத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசினேன். மூன்று நாள் தொடர்ந்து 35 செல்சியஸைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த நாள்களில் திடல் கிடையாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படியே. சாதாரண நாளிலும் புழுக்கம் மிகுந்தால் 84 வினாடி என்ற எண்ணைத் துரத்தாமல் மூச்சின் அளவை வைத்து ஓட வேண்டும். யாராவது தள்ளாடினாலோ குழறினாலோ முதலில் நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அதைச் செய்துகொண்டே அவசர உதவியை அழைக்க வேண்டும். ஒரு பெரிய தொட்டியும் பனிக்கட்டிப் பெட்டியும் திடலோரம் வைக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. போட்டியன்று நான் எங்கே நிற்பது, என்ன சொல்வது? இதுவரை முடிவுக்கோட்டருகே நின்று "வேகம், வேகம்" என்றுதான் எல்லாரும் கத்துகிறோம்.

செந்தூல் பழைய ஓட்டக்காரர் (கோலாலம்பூர்)

தடத்துக்குள் போகாதீர்கள். போட்டிப் பகுதிக்குள் நின்று இடைநேரம் (ஓட்டத்தின் நடுவே அதுவரை ஆன நேரம்) சொல்வது நடுவரின் அனுமதியில்லாமல் கூடாது. வேலிக்கு வெளியே, முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்புற நேர்ப்பாதையில் நில்லுங்கள். அங்கேதான் கூட்டம் இருக்காது. பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்கும்.

அந்த இடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. 3000 மீட்டர் ஏழரைச் சுற்று என்பதால் ஓட்டம் தொடங்குவது அந்தப் பக்கத்தில்தான். தொடக்கக் கோட்டுக்கு நேரே நின்றால் அவன் உங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சரியாக 400-இன் மடங்கு. 84 வினாடிக் கணக்கில் 1:24, 2:48, 4:12, 5:36, 7:00, 8:24, 9:48. இதை அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அவன் 1:24-க்கு முன்னால் வந்தால் "நிதானம்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை எண்ணை மட்டும் சொல்லுங்கள். 5:36-இல் அவன் உங்களைக் கடந்து ஐந்தாவது சுற்றுக்குள் போகும்போது எண் வேண்டாம். அவன் தாளில் எழுதிய சொல் எதுவோ அதைச் சொல்லுங்கள். 7:00-இலும் அதே சொல். 8:24-க்குப் பிறகு மீதியிருப்பது ஒன்றரைச் சுற்று. அதில் அவன் யாரைத் துரத்துகிறான் என்பதை அவனே பார்த்துக்கொள்வான்.

முடிவுக்கோட்டில் ஒரு மூத்த மாணவரை நிறுத்துங்கள். அங்கே இடைநேரங்கள் 200, 600, 1000 என்று வரும்: 42 வினாடி, 2:06, 3:30. அவர் எதுவும் பேச வேண்டாம், எல்லா நேரங்களையும் குறித்துக்கொண்டால் போதும். போட்டி முடிந்து மறுநாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளையோடு பேசுங்கள். முதல் 400 மீட்டர் 82-க்கும் 86-க்கும் இடையே இருந்தால், எந்த இடத்தில் வந்திருந்தாலும் அன்றைக்கு அவன் வேலையைச் செய்துவிட்டான் என்று சொல்லுங்கள்.

படிவம் 5 ஓட்டக்காரி (பினாங்கு)

ஐயா, 1500 மீட்டருக்கு எங்கே நிற்கச் சொல்வீர்கள்? மூன்றே முக்கால் சுற்றுதானே, தொடக்கக் கோடு வேறு இடத்தில் வருகிறது.

செந்தூல் பழைய ஓட்டக்காரர் (கோலாலம்பூர்)

அதற்கும் எதிர்ப்புற நேர்ப்பாதைதான், தங்கை. ஆனால் அதன் தொடக்கத்தில், முதல் வளைவு முடிகிற இடத்தருகே. 1500 அங்கிருந்துதான் தொடங்கும். 400, 800, 1200 மூன்றையும் அங்கேயே நின்று பார்த்துவிடலாம். உன் ஆசிரியரிடம் 800-இலிருந்து 1200 வரைக்கான சொல்லை முன்னதாகவே சொல்லி வை. 1500-இல் தளர்ச்சி வரும் சுற்று அதுதான்.